உறங்கும் முன் ஓதுவதே சிதை முன்னும்

இழப்பு வரும்போது மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பதுதான் இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் கீதையைச் சொன்னார்கள், பட்டினத்தாரைச் சொன்னார்கள். நான் நம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சீக்கியர்கள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் அவர்களை ‘வங்காளி’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மலாய்க்காரர்களும் அப்படித்தான் அழைத்தார்கள்.

ஜொகூரில் நடந்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறேன். குளுவாங் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி நியோர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1942 ஜனவரி கடைசி வாரம். மூவாரில் 45-வது இந்தியப் படை சிதைந்து போயிருந்தது. 22-ஆம் தேதி பாரிட் சூலோங்கில், நடக்க முடியாமல் கிடந்த ஆஸ்திரேலிய, இந்தியக் காயக்காரர்களை ஜப்பானியர் கொன்று குவித்தார்கள். அடுத்த சில நாட்களில் நியோரில் 11-வது சீக்கியப் படைப்பிரிவின் 5-வது பட்டாளம் ஜப்பானியரை எதிர்கொண்டது. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு, ‘சத் ஸ்ரீ அகால்’ என்று முழங்கிப் பாய்ந்தார்கள். ஜப்பானியர் பின்வாங்கினார்கள். அந்தப் பின்வாங்கும் மாதத்தில் ஜெயித்த சண்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இது ஒன்று.

ஜெயித்து என்ன பயன்? லாயாங் லாயாங்கில் ரயில் பாலம் நேரத்துக்கு முன்பே தகர்க்கப்பட்டது. அந்தப் பட்டாளம் இருந்த 22-வது படை துண்டிக்கப்பட்டு நின்றது. அவர்களைத் தேடி ரயில் பாதையில் நடந்து போன படைத்தளபதி பார்ஸ்டோ 28-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே ஜொகூர் பாருவை நோக்கி நடந்தார்கள். 31-ஆம் தேதி ஜொகூர் கடற்பாலமும் உடைக்கப்பட்டது. மறுநாள் அவர்கள் சரணடைந்தார்கள்.

வரலாற்றுப் புத்தகம் இந்த இடத்தில் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நான் கேட்க நினைப்பது வேறு. அந்தக் காட்டில் ஒருவன் இறந்தால் பக்கத்தில் இருந்தவன் என்ன செய்திருக்க முடியும்? ஐயர் இல்லை, ஆறு இல்லை, பிள்ளை இல்லை, பதினாறாம் நாள் என்று ஒன்று வரப்போவதும் இல்லை.

சீக்கிய நெறியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ‘கீர்த்தன் சோஹிலா’ என்பது அவர்கள் இரவு படுக்கப் போகும் முன் ஓதும் பிரார்த்தனை. குழந்தைகள் தாயின் மடியில் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிதைக்குத் தீ வைத்தபின் ஓதுவதும் அதே பிரார்த்தனைதான். மரணத்துக்கு என்று தனியாக ஒரு மந்திரம் வைக்கவில்லை, அதை ஓத ஒரு தனிச் சாதியும் வைக்கவில்லை. ஐந்து வயதில் கற்றதை ஒவ்வொரு இரவும் சொல்லி வந்தவனுக்கு, நண்பனின் உடலுக்கு முன் என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை. பகலோ இரவோ, எந்த நேரத்திலும் தகனம் செய்யலாம் என்று 1945-இல் அமிர்தசரசில் ஏற்கப்பட்ட ஒழுக்க விதிகள் சொல்கின்றன. மாரில் அடித்துக்கொண்டு புலம்பக் கூடாது, தகனம் செய்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பக் கூடாது என்பவையும் அதில் உண்டு.

நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கடுமையாகப் படும். ஒப்பாரி வைத்து அழுதால்தானே நெஞ்சு பாரம் இறங்கும் என்பீர்கள். நானும் ஒப்பாரியின் பக்கம்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. பஞ்சாபிலும் ஒப்பாரி உண்டு, அதற்கு ‘அலாஹணி’ என்று பெயர். குரு நானக் அதைத் தடை செய்துவிட்டுப் போகவில்லை. அதே பெயரில், அதே சாயலில் இறைவனைப் பாடும் பாடல்களை இயற்றினார். அவை கிரந்தத்தில் இருக்கின்றன. மூன்றாவது குரு அமர்தாஸ் கண் மூடும் முன் குடும்பத்தைக் கூட்டி, எனக்காக யாரும் அழ வேண்டாம் என்று சொன்னதை அவருடைய வம்சத்தில் வந்த சுந்தர் பாட்டாக எழுதி வைத்தார். அதுவும் கிரந்தத்தில் இருக்கிறது. அழ வேண்டாம் என்று சொன்னால் அழாமல் இருந்துவிடுவார்களா என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்த மதத்திலும் தாய்தான். ஆனால் அழுகைக்குப் பக்கத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையும் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலோ குருத்வாராவிலோ கிரந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கத் தொடங்கி, முடிந்தால் பத்து நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முடிந்ததும் பிரசாதம், பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து லங்கர் சாப்பாடு. ஜொகூர் பாருவில் ஜாலான் துருஸ் குருத்வாரா இருக்கிறதே, அங்கே போனாலும் இந்த முறைதான்.

அந்த வாசிப்பின் நிறைவில் வருபவை ஒன்பதாவது குரு தேக் பகதூரின் வரிகள். 1675-இல் டில்லியில் அவருடைய தலையை வெட்டினார்கள். அந்த வரிகளைச் சிறையில் இருந்தபோது எழுதினார் என்பது சீக்கிய மரபு. அதற்கு முன்பே, 1606-இல், அவருடைய பாட்டனார் குரு அர்ஜன் லாகூரில் உயிர் விட்டிருந்தார். பின்னால் வந்த மகன் குரு கோவிந்த் சிங்கின் கதையோ கேட்கவே முடியாதது. மூத்த பிள்ளைகள் இருவர் சம்கௌர் போரில் மாண்டார்கள். பத்து வயதுகூட நிரம்பாத இளையவர்கள் இருவரைச் சர்ஹிந்தில் கொன்றார்கள். நாலு பிள்ளைகளையும் இழந்த தகப்பன் அவர்.

இதைச் சீக்கியர்கள் எங்கே வைத்தார்கள் என்பதுதான் என்னுடைய செய்தி. ‘அர்தாஸ்’ என்ற அன்றாடப் பிரார்த்தனையில் வைத்தார்கள். அந்த நாலு பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வருகிறார்கள். பாய் மணி சிங், பாய் தாரு சிங், பாய் மதி தாஸ் என்று இவர்களுக்கு வரலாற்றில் பெயர்கள் உண்டு. கல்யாண வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்லி முடிக்கும்போது பழி வாங்கும் சக்தியைக் கேட்பதில்லை. தளராத மனத்தையும் எல்லாருடைய நன்மையையும் கேட்டு முடிக்கிறார்கள். தளராத அந்த மனநிலைக்கு ‘சடுதி கலா’ என்று பெயர். சாவை இத்தனை முறை வாயால் சொல்லிப் பழகியவர்களுக்கு, அது வாசலில் வந்து நிற்கும்போது முகம் புதிதாக இருக்காது.

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகம். கல்லறை தெரியாத 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரிய நினைவகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய தகன நினைவிடம் உண்டு. தங்கள் சமய முறைப்படி தீயில் இடப்பட்ட ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படைவீரர்கள், அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தோட்டத்து லயத்திலிருந்து போனவர்கள். காலராவில் விழுந்தவர்களைக் குழியில் தள்ளினார்கள். கொள்ளி இல்லை, கருமாதி இல்லை, பல பேருக்கு எந்தத் தேதியில் போனார்கள் என்பதும் இல்லை. போர் வீரனுக்குக் கிராஞ்சியில் சுவர் இருக்கிறது. பால் வெட்டப் போனவனை அங்கே கொண்டுபோய்ச் சாகடித்தார்களே, அவனுக்கு என்ன இருக்கிறது? 2023-இல்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டோம். நல்ல காரியம், 80 வருடம் கழித்து. கல் நடுவது நம் மரபு, சீக்கியர்களுக்கு அது இல்லை. அவர்களிடம் இருப்பது தினம் சொல்கிற வழக்கம், நம்மிடம் அது இல்லை.

நான் வைக்கும் யோசனை சிறியது. மாரியம்மன் கோயிலோ முனியாண்டி கோயிலோ, தோட்டத்துக் கோயில்களில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து விபூதி கொடுக்கும் முன், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லி ஒரு விளக்கு வைக்கலாம். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர் தெரிந்த குடும்பங்கள் பெயரைச் சொல்லட்டும். இதற்கு நன்கொடை வேண்டாம், மேடை வேண்டாம், அரசாங்க அனுமதியும் வேண்டாம். குளுவாங் பக்கத்துத் தோட்டங்களிலேயே ஆரம்பிக்கலாம்.