வந்தேறிகள் எழுதிய சென்னை

சென்னையின் பழங்கதையை வாரந்தோறும் பத்திரிகையில் எழுதிய எஸ். முத்தையா இந்த ஊரில் வளர்ந்தவர் அல்லர். 1930-இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்து, ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ பத்திரிகையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். இலங்கைக் குடியுரிமை இல்லாததால் அங்கே மேலே போக வழியில்லை. 1968-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு வாய்த்தது டி.டி. மேப்ஸ் என்ற வரைபட நிறுவனம்.

வரைபடம் போடுகிறவருக்குத் தெருப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு கேள்விதான். பிராட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே சாக்கடைநீர் தேங்கிய பள்ளம் அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போப்ஹாம் என்ற வழக்கறிஞர் அதைத் தூர்த்துத் தெருவாக்கினார். தினமும் அங்கே பஸ் ஏறுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? உள்ளூர்க்காரருக்குக் கேட்கத் தோன்றாததை வெளியூர்க்காரர் கேட்டார். 1981-இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்ற அவரது சிறு வழிகாட்டி நூல் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பருத்துக்கொண்டே போனது. 1991-இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 1999 முதல் 2019-இல் மறையும்வரை ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் பத்தி எழுதினார்.

அந்தப் பத்தியின் உயிர்நாடி, வாசகர் கடிதங்களுக்கு அவர் ஒதுக்கிய இடம். ஒரு வாரம் ஏதாவது ஒரு பழைய பங்களாவைப் பற்றி எழுதுவார். அந்த வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் விவரம் அனுப்புவார்கள்; இன்னொருவர் ஆண்டைத் திருத்துவார். அதையெல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் அச்சேற்றினார். ஆவணக்காப்பகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் இப்படித்தான் பதிவானது. வரலாற்றுப் பேராசிரியர்கள் இதைத் துணுக்கு என்று ஒதுக்கினால் இழப்பு அவர்களுக்குத்தான்.

தமிழில் இந்த வேலையை வேறு விதமாகச் செய்தவர் அசோகமித்திரன். அவரும் வெளியூர்தான். செகந்திராபாத்தில் பிறந்து 1952-இல் சென்னை வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை, அதை விட்டபின் முழுநேர எழுத்து. ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ கட்டுரைகளில் அவர் பேட்டை பேட்டையாகப் போகிறார். கவர்னர்களும் கம்பெனிகளும் முத்தையாவின் பக்கங்களை நிறைத்தால், இவர் எழுதியது அங்கே குடியிருக்கிறவர்களின் கண்ணுக்குத் தெரிகிற ஊர்.

இருவர் எழுத்தையும் சேர்த்து வைத்தாலும் வடசென்னைக்குக் கிடைத்த இடம் குறைவு என்றே சொல்ல வேண்டும். அங்குள்ள பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலிகள் நேர்ந்தன. ஆலையை 1996-இல் மூடிவிட்டார்கள். எழுபதுகளில் இளைஞர்களாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டியிருக்கும். எந்த ஷிப்டுக்கு எப்போது சங்கு ஊதும், சம்பள நாளில் வாசலில் யார் யார் கடை போடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதைப் பதிவுசெய்ய ஒரு தமிழ்ப் பத்திரிகை வாரம் ஒரு பக்கம் ஒதுக்கி, வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் ஒரு நிருபரை அனுப்ப வேண்டும், அதுவும் இப்போதே.