பேனல் டாக்டர் முறை (பிரிட்டன்)

பேனல் டாக்டர் முறை என்பது 1913 முதல் 1948 வரை பிரிட்டனில் நடைமுறையில் இருந்த தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு ஏற்பாடு. காப்பீடு பெற்றவர் தன் வட்டாரத்து மருத்துவர் பட்டியலிலிருந்து ஒருவரைத் தானே தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பட்டியலே பேனல் எனப்பட்டது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தொழிலாளர்கள் பலர் பரஸ்பர உதவிச் சங்கங்களுக்குச் சந்தா கட்டினர். சங்கம் ஒரு மருத்துவரை அமர்த்தும். உறுப்பினர்கள் அவரிடமே செல்லவேண்டும். பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் கைக்காசு கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். மருத்துவர்களுக்கும் மனக்குறை இருந்தது. ஊதியம் குறைவு. அதைவிட, தங்களிடம் வைத்தியம் பார்க்கும் தொழிலாளர்களே நிர்வாகக் குழுவில் அமர்ந்து தங்களைக் கேள்வி கேட்பது அவர்களை உறுத்தியது.

சட்டமும் எதிர்ப்பும்

நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் 1911 டிசம்பரில் நிறைவேறியது. வாரத்துக்கு ஆண் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் செலுத்தவேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களும், ஆண்டுக்கு 160 பவுண்டுக்கு மேல் ஈட்டாத பிற ஊழியர்களும் இதில் அடங்கினர்.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் முன்வைத்த நிபந்தனைகளில் நோயாளி தன் மருத்துவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் ஒன்று. நோயாளியின் நலன் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமுடியாது. தேர்வு நோயாளியின் கைக்கு வந்தால் சங்கங்களின் பிடி தளரும் என்பதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அரசு இதை ஏற்றது. விரும்பும் எந்த மருத்துவரும் பேனலில் சேரலாம். நிர்வாகம் வட்டாரக் காப்பீட்டுக் குழுக்களிடம் இருக்கும். எனினும் ஊதியச் சண்டை ஓயவில்லை. 1912 இறுதியில் மருத்துவச் சங்கம் புறக்கணிப்புக்கு அழைத்தது. ஏழைத் தொழிலாளர் பகுதிகளில் தொழில் செய்தவர்களுக்கோ தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7 ஷில்லிங் என்பது உறுதியான வருமானம். அவர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட, புறக்கணிப்பு சரிந்தது. 1913 ஜனவரி 15 அன்று சேவை தொடங்கியது.

நடைமுறை

தேர்வுக்கு மருத்துவரின் சம்மதமும் தேவை. எவரையும் தேர்ந்துகொள்ளாதவர்களையும், மருத்துவர்கள் ஏற்க மறுத்தவர்களையும் குழு பேனலில் இருந்தவர்களிடையே பகிர்ந்தளித்தது. தலைக்கணக்கில் ஊதியம் என்பதால் பெரிய பட்டியலே பெரிய வருமானம். ஆகவே காத்திருப்போர் வரிசை நீண்டது; ஒவ்வொருவருக்கும் கிடைத்த நேரம் சுருங்கியது.

முறையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. தொழிலாளியின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பேனல் மருத்துவர் கிடையாது. கணவனுக்கு இருமல் வந்தால் கட்டணமின்றிப் பார்க்கும் அதே மருத்துவரிடம் மனைவி பணம் கொடுக்கவேண்டும். பணமில்லாத வீடுகளில் பெண்கள் நோயைப் பொறுத்துக்கொண்டனர்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது இந்த வேறுபாடு நீங்கியது. மருத்துவரின் பட்டியலில் பதிவுசெய்துகொள்வதும் தலைக்கணக்கு ஊதியமும் அதிலும் தொடர்ந்தன. நோய் விடுப்பில் இருப்பதைப் ‘பேனலில் இருக்கிறார்’ என்று சொல்லும் வழக்கமும் பேச்சில் சிலகாலம் நீடித்தது.