முதல் நாற்காலி

ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின்காரரின் நாற்காலி விசித்திரமான ஒரு ஸ்தானம். அதில் உட்காருபவருக்குத் தனி வித்வானின் தேர்ச்சி இருக்கவேண்டும். ஆனால் அவர் வாசிப்பது பெரும்பாலும் தன் வரிசையில் உள்ளவர்கள் வாசிப்பதையேதான். அவர் வில் எழும்போது மற்ற வில்கள் எழுகின்றன. தன் குரலைக் கூட்டத்தில் கரைப்பதற்காகவே அதை வருஷக்கணக்கில் பயிற்றி வைத்திருக்கிறார்.

ஆர்னால்ட் ரோஸே 1881இல் வியன்னா அரசவை ஆபெராவில் இந்த நாற்காலிக்கு வந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ராணுவம் நகருக்குள் நுழையும்வரை அவருடைய இடம் அதுதான். மாலரின் தங்கை ஜஸ்டினை மணந்தவர். 1882இல் அவர் தொடங்கிய நால்வர் குழுதான் ஷோன்பெர்கின் முதலிரண்டு குவார்டெட்டுகளையும் முதன்முதலில் மேடையேற்றியது. 1908இல் இரண்டாவது குவார்டெட்டுக்குச் சபையில் கூச்சல் எழுந்தது. பழமையின் காவலரெனக் கருதப்பட்ட ஒருவர் புதுமைக்காக வசை வாங்கியதைப் புதுமையாளர்களாகிய நாம் மறந்துவிடக்கூடாது.

என் விஷயம் அவருடைய மகள். ஆல்மா ரோஸே 1906இல் பிறந்தாள். 1926இல் வியன்னாவில் தன் அரங்கேற்றத்தில் தந்தையோடு சேர்ந்து பாக்கின் இரட்டை வயலின் கான்செர்டோவை வாசித்தாள். அவர்கள் இருவரும் வாசித்த பதிவு கிடைக்கிறது. இரைச்சல் மிகுந்த அந்தப் பதிவைப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். மெதுவான இரண்டாம் பகுதியில் ஒரு வயலின் விட்ட இடத்தில் மற்றது தொடங்குகிறது. எது தந்தை, எது மகள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுடைய துயரமே இதுதானோ என்று தோன்றும். வீட்டில் தந்தை. 1930இல் மணந்த செக் நாட்டு வாஸா ப்ரிஹோடாவோ ஐரோப்பா கொண்டாடிய வித்வான். அந்த மணம் 1935இல் முறிந்தது. இவ்விருவருக்கும் இடையில் ஒரு தனிக் குரல் எழ இடமில்லை.

தந்தையின் நாற்காலியும் அவளுக்கு இல்லை. வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1997இல்தான். ஆகவே 1932இல் அவள் தனக்கென்று ஒரு ஆர்கெஸ்ட்ராவை உண்டாக்கிக்கொண்டாள். பெண்கள் மட்டும் அடங்கிய அந்த வால்ட்ஸ் குழு ஐரோப்பிய நகரங்களைச் சுற்றியது. கனமான சங்கீதம் அல்ல. ஆனால் ஒத்திகையில் அவள் கடுமை கனமானதுதான்.

1938க்குப் பிறகு தந்தையும் மகளும் லண்டனில் அகதிகள். பிழைப்புக்காக ஹாலந்துக்கு வாசிக்கப்போன ஆல்மா, 1940இல் ஜெர்மானியர் படையெடுத்தபோது அங்கேயே சிக்கிக்கொண்டாள். பிரான்ஸ் வழியாகத் தப்ப முயன்று 1942 டிசம்பரில் டிஷோனில் கைதானாள். 1943 ஜூலையில் ஆஷ்விட்ஸ். முதலில் அடைக்கப்பட்டது, பெண்கள்மீது மருத்துவச் சோதனைகள் நடந்த பத்தாம் கட்டிடத்தில். அவள் யாரென்று தெரிந்ததும் பிர்கெனாவ் பெண்கள் முகாமின் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமை தாங்க அனுப்பப்பட்டாள். அங்கே மாண்டலின், கிடார், அக்கார்டியன், வயலின்கள், பிறகு ஒரு செல்லோ. பலர் அரைகுறையாகக் கற்ற சிறுமிகள். காலையில் கைதிகள் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாசலில் அணிநடை இசை. அவர்கள் கால் தவறாமல் நடந்தால் எண்ணுவது சுலபம். சங்கீதத்துக்கு அங்கே இருந்த உபயோகம் அது. இதை மறைத்துக் கலையின் வெற்றி என்று பேசுபவர்களை நான் நம்பவில்லை.

1976இல் வெளியான ஃபானியா ஃபெனலோனின் நூல் ஆல்மாவைக் கொடுமைக்காரியாக, இசை வெறி தவிர வேறெதுவும் இல்லாதவளாகச் சித்தரித்தது. ஃபெனலோனும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். 1980இல் ஆர்தர் மில்லரின் திரைக்கதையில் இந்தச் சித்திரம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் போயிற்று. தப்பிப் பிழைத்த மற்றவர்கள் கடுமையாக மறுத்தார்கள். அவர்களில் செல்லோ வாசித்த அனிதா லாஸ்கரும் ஒருவர். டைஃபஸ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து சரியாக வாசிக்காததற்காக ஆல்மா தன்னை ஒரு வாரம் தரை கழுவவைத்தாள் என்று அவரே சொல்கிறார். அன்று வந்தது ஆத்திரம். பின்னாளில் அவருக்குப் புரிந்தது வேறு: தவறான ஒரு சுரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் புகைபோக்கியைப் பார்த்து உடைந்துபோகவில்லை. நன்றாக வாசிக்காத குழு கலைக்கப்படும், கலைக்கப்பட்டால் சாவு. ஆல்மா இதை அறிந்திருந்தாள். வாசிக்க லாயக்கில்லாதவர்களையும் சுரப் பிரதி எடுப்பவர்களாக அவள் வைத்துக்கொண்டாள்.

இரு தரப்பும் ஒரே கடுமையைத்தான் பார்த்தன. ஃபெனலோன் அதில் தனி வித்வானின் அகந்தையைக் கண்டார். லாஸ்கர் முதல் நாற்காலியின் பொறுப்பைக் கண்டார். நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் முதலாவதை முற்றிலும் பொய் என்று ஒதுக்க என்னால் ஆகவில்லை. முழுமைக்கான வெறி இல்லாதவள் அந்த இடத்தில் அப்படிக் கடுமையாக இருந்திருக்க முடியாது. காப்பாற்றியது அன்பா, கலையா என்று பிரித்துக் கேட்பது வெளியிலிருந்து பார்க்கும் நம்முடைய வசதி.

1944 ஏப்ரலில் திடீர் நோயில் ஆல்மா இறந்தாள். வயது 37. நஞ்சா, கெட்ட உணவா என்ற விவாதம் முடியவில்லை. அவள் நடத்திய குழுவில் பெரும்பாலோர் போருக்குப் பின் உயிரோடிருந்தார்கள். ஆர்னால்ட் ரோஸே மகளின் சாவுச் செய்தியைக் கேட்டு, 1946 ஆகஸ்டில் லண்டனில் காலமானார்.

நான் வங்கியில் கணக்கெழுதுபவன். சாயங்காலத்தில் பற்றும் வரவும் சமமாகாமல் எழுந்து போகக்கூடாது. இந்தக் கணக்கை அப்படி முடிக்க எனக்கு வரவில்லை. வாசலில் வாசித்த அணிநடை ஒரு பக்கம், பிழைத்துவந்த பெண்கள் மறுபக்கம். ஒன்று மற்றொன்றை அடித்துவிடவில்லை. இரண்டையும் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.