உண்டியலும் உடன்படிக்கையும்: கொழும்பின் அண்டைநாட்டு வணிகம்

வளர்முக நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் உடன்படிக்கைகளின் வரலாற்றையே எழுதுகிறார்கள். எந்த ஆண்டில் எந்தத் தீர்வை குறைந்தது, ஏற்றுமதி எத்தனை மடங்கு கூடியது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கொழும்பைப் பொறுத்தவரை இந்த முறை பாதிக் கதையைத்தான் தரும். சரக்குக்கான பணத்தை யார் முன்கூட்டிக் கொடுத்தார், எத்தனை நாள் தவணைக்குக் கொடுத்தார், நட்டம் வந்தால் யார் தலையில் விழுந்தது என்பவையே இந்நகரத்தின் வணிகத்தை வளர்த்தன, முறித்தன. செட்டியார் தெருவின் கடன் முறை, 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி உடன்படிக்கை, 1998ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை அந்தக் கேள்வியோடு அணுகுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜிந்துப்பிட்டி வழியாகக் கோட்டைப் பக்கம் வருபவர் இன்று செட்டியார் தெருவில் காண்பது வரிசையாக நகைக்கடைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தெரு, துறைமுகத்துக்கு அருகிலேயே அமைந்த பணச்சந்தையாக இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகளில் மேசை நாற்காலி கிடையாது. தரையில் பாய், முன்னே மரப்பெட்டி, அதன்மேல் பேரேடு. பெட்டியடியில் அமர்ந்திருப்பவர் முதலாளியல்லர், அவருடைய முகவர். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். முகவர் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, கணக்கு முடித்து, ஊர் திரும்புவார். அதே குடும்பத்துக்கு இரங்கூனிலும் பினாங்கிலும் கடைகள் இருந்தன. பர்மா அரிசிக்கும் தென்னிந்தியத் துணிக்கும் உரிய பணம் நாணயமாகக் கடல் கடக்கத் தேவையில்லை. ஒரு கடையில் எழுதிய உண்டியல் மறு கடையில் பணமாகியது.

ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கின. சென்னை வங்கி 1864இலேயே கொழும்பில் கிளை திறந்திருந்தது. ஆயினும் புறக்கோட்டையின் சில்லறை வணிகருக்கோ, சிறு தென்னந்தோட்டக்காரருக்கோ வங்கிக் கதவு திறக்கவில்லை. வங்கியிடம் வாங்கி, வட்டி கூட்டி, ஆளறிந்து கொடுக்கும் இடத்தில் செட்டியார் நின்றார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி எல்லாரும் அவரிடம் வந்தனர். இந்த முறையை வெறும் வட்டிக்கடை என்று ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. குடியேற்ற ஆட்சியில் சிக்கிய நாடுகள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட நிதி வலை இது.

அந்த வலை அறுந்த விதமும் படிப்பினைக்குரியது. 1920களின் நடுப்பகுதியில் செட்டியார் கடைகள் முறியத் தொடங்கியதும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. 1930களின் பெருமந்தத்தில் தேங்காய், இறப்பர் விலைகள் சரிந்தன. கடனாளிகளின் தோட்டங்கள் ஈட்டுக்காரர் கைக்குப் போயின. நிலம் இழந்தவர்களின் கோபம் அரசியலாயிற்று. அந்தக் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு, பம்பாய் வங்கியாளர் சொராப்ஜி போச்கானவாலாவின் தலைமையில், அரசு ஆதரவுடைய வங்கியொன்றைப் பரிந்துரைத்தது. 1939 ஒகஸ்டில் இலங்கை வங்கி பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியுரிமைச் சட்டமும், தற்காலிக வதிவிட அனுமதி முறையும், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் எஞ்சிய செட்டியார்களையும் படிப்படியாக வெளியேற்றின. அரச வங்கி அவசியமானது. ஆனால் இரு கரைகளிலும் ஆளறிந்து சிறு வணிகருக்குக் கடன் கொடுக்கும் அந்த வேலையை அதன்பின் யாரும் முழுதாக ஏற்கவில்லை. இக்கட்டுரையின் மையமான இழப்பு அதுவே.

1952இல் அரசே வணிகரானது. உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. கொரியப் போர்க் காலத்தில் ஏறிய இறப்பர் விலையோ வீழ்ந்துகொண்டிருந்தது. சீனாவுக்கு இறப்பர் போன்ற போர்முறைப் பொருள்களை விற்கக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை 1951இல் தடை விதித்திருந்தது. இலங்கை அப்போது அச்சபையின் உறுப்பு நாடே அல்ல. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் சென்றார். டிசெம்பரில் கைச்சாத்தான ஐந்தாண்டு உடன்படிக்கையின்படி இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்க, சீனா 270,000 தொன் அரிசி கொடுக்கும். இறப்பருக்குச் சீனா சந்தை விலைக்கு மேல் தந்தது. இரு நாடுகளுக்கிடையே தூதரக உறவே 1957இல்தான் ஏற்பட்டது. அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியபோதும் கொழும்பு பின்வாங்கவில்லை.

இவ்வுடன்படிக்கையின் வலிமை அதன் விலையில் மட்டும் இருக்கவில்லை. ஐந்தாண்டுக்கு அளவு உறுதி என்பதே தோட்டக்காரருக்கு ஒரு கடன் உத்தரவாதம் போன்றது. அடுத்த ஆண்டு வாங்குவோர் உண்டு என்ற நம்பிக்கையில் மரம் நட முடிந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை அது நீடித்தது. இரு தரப்பின் உண்மையான தேவையும் உறுதியான தவணையும் ஒருங்கே அமைந்ததால்தான் இந்த ஆயுள் கிடைத்தது என்பது என் முடிபு.

இதற்கு நேரெதிரான அனுபவத்தை 1998 டிசெம்பர் 28இல் புது டில்லியில் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை தந்தது. இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி 2000இல் சுமார் 58 மில்லியன் டொலர். 2005இல் சுமார் 559 மில்லியன். எண்ணைப் பார்த்தால் பெருவெற்றி. அவ்வெற்றியின் பாதிக்கு மேல் வனஸ்பதியும் செம்பும். இரண்டும் இம்மண்ணில் விளைந்தவையல்ல. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பாமெண்ணெய்க்கு இந்தியா உயர்ந்த தீர்வை விதித்திருந்தது. அதே எண்ணெயை இலங்கையில் இறக்கி வனஸ்பதியாக்கினால், உள்நாட்டுப் பெறுமதி 35 வீதம் கூடியதாகக் காட்டித் தீர்வையின்றி அனுப்பலாம். இந்திய முதலீட்டாளர்களே இங்கு வந்து ஆலை கட்டினர். இந்திய வனஸ்பதித் தொழில் முறையிட்டது. 2006இல் ஆண்டுக்கு 250,000 தொன் என்று வரம்பு வந்தது. பின்னர் இந்தியா பாமெண்ணெய்த் தீர்வையைக் குறைத்ததும் ஆலைகளுக்கு இங்கு வேலையில்லை. இரு நாட்டுத் தீர்வைகளின் இடைவெளியில் மட்டும் நின்ற முதலீடு அந்த இடைவெளியோடு போனது.

இலங்கையிடம் உண்மையாகவே இருந்த பொருள்களுக்கோ தொடக்கத்திலேயே கதவு குறுகல். தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரம்பு. ஆடைகளுக்கு 8 மில்லியன் உருப்படிகள். அதில் 6 மில்லியன் இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டும். எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு.

உடன்படிக்கையின் சலுகை சிறு வணிகரை எட்டுகிறதா என்று பார்க்கக் கொழும்பின் வெள்ளவத்தைக்கு வருவோம். முன்பு இங்கே ஒரு பெரிய நூற்பு நெசவாலை இருந்தது. பார்சிக் குடும்பமொன்றின் கையில் நெடுங்காலம் இருந்த அவ்வாலையின் தொழிலாளர்களில் பலர் மலையாளிகள். இன்று காலி வீதியின் இருமருங்கிலும் சேலைக் கடைகள். சரக்கு சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் வருகிறது. பத்துக் கடைகளில் பத்து வகை வாங்கும் ஒருவர், ஒவ்வொரு கட்டுக்கும் தோற்றச் சான்றிதழ் பெற்று உடன்படிக்கையின் சலுகையைக் கோருவது நடைமுறையில் இயலாத காரியம். அவருக்கு வேண்டியது அறுபது, தொண்ணூறு நாள் தவணை. அது கிடைப்பது பழகிய மொத்த வியாபாரியின் வாய்ச்சொல்லில். வங்கியில் நாணயக் கடிதம் திறக்க அவரிடம் ஈடு இல்லை.

2022இல் டொலர் தட்டுப்பாட்டால் கொழும்புத் துறைமுகத்தில் உணவுக் கொள்கலன்கள் தேங்கியபோது இந்தத் தவணைக் கேள்வி நாடு முழுவதற்குமானது. அவ்வாண்டு மார்ச்சில் இந்தியா உணவுக்கும் மருந்துக்கும் ஒரு பில்லியன் டொலர் கடன் வசதி தந்தது. அதை வழங்கியது ஸ்டேட் பேங்க் ஒஃப் இந்தியா, அதாவது 1864இல் இங்கே கிளை திறந்த சென்னை வங்கியின் வழித்தோன்றல். நெருக்கடியில் தீர்வைச் சலுகை எதுவும் அரிசியைக் கரைசேர்க்கவில்லை; தவணைதான் சேர்த்தது.

ஆயினும் இந்தியாவுடன் 2016இல் தொடங்கிய பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைப் பேச்சுகளைச் சுற்றி இங்கு எழுந்த விவாதம் பெரும்பாலும் இந்தியத் தொழில்வல்லுநர் வந்து வேலைகளைப் பிடிப்பார்களா என்பதைப் பற்றியது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ மின்னணுக் கொடுப்பனவு முறை இலங்கைக்கு வந்தது. இந்தியச் சுற்றுலாப் பயணி காலி வீதிக் கடையில் கைத்தொலைபேசியால் பணம் கட்டுகிறார். அதே கடைக்காரர் சூரத்து வியாபாரிக்குச் செலுத்த வேண்டியதை அவ்வழியில் செலுத்த முடியாது. பேச்சுமேசையில் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான்: சிறு வணிகரின் விற்பனைச் சீட்டை ஈடாக ஏற்று, இரு நாட்டு ரூபாயிலும் தொண்ணூறு நாள் தவணை கொடுத்து, நட்டத்தின் ஒரு பகுதியை இரு அரசுகளும் ஏற்கும் ஒரு கடன் ஏற்பாடு.