நுரைக் குளியல்: அரப்பு முதல் பபுள் பாத் வரை

பபுள் பாத் என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள் உண்டு. தொட்டி நிறைய வெதுவெதுப்பான நீரை நிரப்பி, அதன் மேல் நுரை திரளச் செய்து, அதில் சாய்ந்து குளிப்பது ஒன்று. அந்த நுரையை உண்டாக்க நீரில் ஊற்றும் திரவம் மற்றொன்று. தமிழில் இதனை நுரைக் குளியல் என்றும் குமிழிக் குளியல் என்றும் சொல்லலாம். தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் பெரும்பாலோர் இதைச் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் நுரை இந்த ஊருக்குப் புதியதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

இலையும் காயும் தந்த நுரை

பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் சித்தேரி மலை. இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் புளி, கடுக்காயோடு சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றையும் சேகரித்து விற்று வந்தார்கள். வறண்ட காடுகளில் வளரும் உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் கிடைப்பது அரப்பு. செவ்வாய், வெள்ளியில் பெண்களும் புதன், சனியில் ஆண்களும் எண்ணெய் தேய்த்துக் குளித்த காலத்தில் எண்ணெயைப் போக்கியவை இவைதான். பட்டுச் சேலையை அலசவும், நகைகளைத் துலக்கவும் பூந்திக்கொட்டை ஊறிய நீரே பயன்பட்டது.

இவற்றில் நுரை வருவதற்குக் காரணம் சபோனின் என்னும் பொருள். அதன் மூலக்கூறில் ஒரு பகுதி நீரோடு சேரும். மறுபகுதி எண்ணெயோடு சேரும். இப்படித்தான் எண்ணெய்ப் பிசுக்கு நீரோடு கழன்று போகிறது. ஐரோப்பியத் தாவரவியலாரும் இதை அறிந்திருந்தார்கள். பூந்திக்கொட்டை மரத்தின் பேரினத்துக்குச் சபிண்டஸ் என்று பெயர். இந்தியச் சோப்பு என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது அது.

சோப்பு வந்த கதை

1888-இல் இங்கிலாந்திலிருந்து சன்லைட் சோப்பு பெட்டி பெட்டியாகக் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1895-இல் லைபாய் வந்தது. 1916-இல் மைசூர் அரசு பெங்களூரில் தன் சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நகரங்களில் பரவிய சோப்பு, மெல்ல மெல்லக் கிராமத்துச் சந்தைகளையும் எட்டியது.

ஆனால் சோப்புக்கு ஒரு பலவீனம் இருந்தது. தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடின நீர். மக்கள் அதை உப்புத் தண்ணீர் என்பார்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். நுரை வராது, தலைமுடி பிசுபிசுக்கும், வாளியின் ஓரத்தில் அழுக்குக் கோடு படியும். "எவ்வளவு தேய்ச்சாலும் நுரையே வரலை" என்று கிணற்றடியில் கேட்ட பேச்சு சோப்பைப் பற்றியது மட்டுமன்று, தண்ணீரைப் பற்றியதும்தான். சபோனின் கால்சியத்தோடு சேர்ந்து இப்படிப் படிவதில்லை. எனவே உப்புத் தண்ணீரிலும் அரப்பும் பூந்திக்கொட்டையும் நுரைத்தன.

செயற்கை நுரை

இதே சிக்கல் மேல்நாட்டிலும் இருந்தது. வெறும் சோப்பைக் கரைத்தால் கடின நீர்த் தொட்டியில் நுரை நிற்காது. முதல் உலகப்போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் செயற்கைச் சலவைப் பொருள்கள் உருவாயின. 1930-களில் அமெரிக்காவில் இவை துணி துவைக்கும் தூளாகவும் ஷாம்புவாகவும் கடைக்கு வந்தன. பபுள் பாத் திரவங்களும் இவ்வகைப் பொருள்களைக் கொண்டே பெருகின. கடின நீரிலும் நுரைப்பதே இவற்றின் சிறப்பு. அதாவது, அரப்பு ஏற்கெனவே செய்துவந்த வேலையை ஆய்வகம் வேறு வழியில் செய்தது எனலாம்.

ஷாம்பு என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனதுதான். பிடித்துவிடுதல் என்னும் பொருள்தரும் இந்திச் சொல்லிலிருந்து அது வந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி அச்சொல்லைப் புகழ்பெறச் செய்தார். அவர் செய்தது நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும். தலைக்கு நுரை போடுவதன்று.

அந்தச் சொல் புதுப் பொருளோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்றார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய பொட்டலங்கள் கிராமத்துக் குளியலை மாற்றின. பிறகு அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் விற்றது. மலையடிவாரத்துப் பெண்கள் உரலில் இடித்த பொருள், விலை ஒட்டிய பொட்டலமாக அவர்களிடமே திரும்பி வந்தது.

நுரையா, நீரா?

நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. அழுக்கை நீக்குவது நீரில் கரைந்துள்ள பொருளே. அரப்பில் நுரை குறைவு. ஆயினும் எண்ணெய் போய்விடும். தொட்டியின் மேல் நிற்கும் நுரை நீரின் சூட்டைச் சற்று நேரம் காக்கும், கண்ணுக்கு அழகாக இருக்கும், அவ்வளவே.

தொட்டிக் குளியலுக்கு ஏறத்தாழ 150 லிட்டர் நீர் வேண்டும். ஒருவர் வாளியில் குளிக்க 20, 30 லிட்டர் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பலருக்குப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டன. அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீருக்கே இவ்வளவு பாடுபட்ட மண்ணில் தொட்டிக் குளியல் ஊன்றாததில் வியப்பில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் நுரைக் குளியல் என்றால் ஒரு வாளி நீரும் ஒரு கைப்பிடி அரப்பும்தான். குறைந்த நீரில், உப்பு நீரிலும், எண்ணெய் போகக் குளிக்கும் வழி அது. உசில மரமும் சீயக்காய்க் கொடியும் காட்டில் இருக்கும்வரை அந்த வழியும் இருக்கும்.