நல்கை விண்ணப்பத்தில் காணாமற்போகும் சாதி: வீரபாண்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியலுக்கு முன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின் மீது இடிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த தலித்துகள் 17 பேர் உயிரிழந்தனர். கனமழை பெய்தது உண்மை. ஆனால் அச்சுவரை அங்குள்ள மக்கள் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தனர். பேரிடர் தாங்குதிறன் நல்கைக்கான விண்ணப்பம் ஒன்றில் இதைக் குறிப்பிட நேர்ந்தால், நம் தொண்டு நிறுவனங்கள் பல எவ்வாறு எழுதும்? 'பருவநிலை மாற்றத்தால் தீவிரமடையும் மழையில் நலிவுற்ற மக்கள் பாதிக்கப்படுகின்றனர்.' சுவர் இல்லை; கட்டியவர் இல்லை; சாதியும் இல்லை.

இத்தகைய விண்ணப்பங்களில் நாம் காணும் முதன்மையான பிழை இதுவே. சாதி என்ற சொல்லைக் கண்டால் நிதி வழங்குவோர் 'அரசியல்' என ஒதுக்கிவிடுவர் என்னும் அச்சம் இதன் வேர். அந்த அச்சத்திற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கையால் நேர்வதை மட்டுமன்றி மனிதச் செயலாலும் விபத்தாலும் கவனக்குறைவாலும் விளையும் பெருந்துயரையும் பேரிடர் என வரையறுக்கிறது. இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதை அதன் 61ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே சாதியைச் சட்டப் பிரிவோடு சேர்த்து, இடர்க் காரணிகள் என்ற தலைப்பின் கீழேயே தயக்கமின்றி எழுதலாம்.

எழுதாவிட்டால் என்ன நேரும் என்பதை 2004 ஆழிப்பேரலை காட்டியது. நிவாரணம் மீனவர் குடியிருப்புகளை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டது. படகோ வலையோ சொந்தமாக இல்லாத, வயலிலும் உப்பளத்திலும் மீன்சார்ந்த கூலி வேலையிலும் பிழைத்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலிலிருந்து விடுபட்டன. தற்காலிக முகாம்களில் நிலவிய ஒதுக்கலைத் தலித் உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின.

அதே விடுபடல் பனியன் தொழில் பகுதியில் வேறு உருவில் நிகழக்கூடும். வீரபாண்டியில் பயனாளிகளைக் குடும்ப அட்டை முகவரியைக் கொண்டு கணக்கிட்டால், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்கள் விடுபடுவர்; அவர்களின் அட்டை சொந்த ஊரில் இருக்கும். வீடு வீடாகச் சென்று எடுக்கும் கணக்கே இங்கு உதவும். வாடகைதாரர், உரிமையாளர், சாதி, தரைமட்டத்திற்குக் கீழுள்ள வாசல், கழிப்பறை வசதி ஆகியவை அக்கணக்கில் இடம்பெற வேண்டும். மாவட்டச் சராசரி எதையும் காட்டாது.

இடத்தைக் குறிப்பதிலும் பிழை நேர்கிறது. 2011இல் திருப்பூர் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது வீரபாண்டி அதனுடன் இணைந்தது. இன்றும் 'வீரபாண்டி ஊராட்சி' என எழுதி, ஊராட்சித் தீர்மானத்தை இணைப்பதாக உறுதியளிக்கும் விண்ணப்பம் முதல் சரிபார்ப்பிலேயே நம்பகத்தன்மையை இழக்கும். தேனியிலும் சேலத்திலும் வீரபாண்டிகள் உண்டு என்பதால் வட்டத்தையும் வார்டு எண்ணையும் தவறாது குறிக்க வேண்டும்.

வெள்ளம் ஒன்றே பேரிடர் என எழுதுவது மற்றொரு பழக்கம். 2011 நவம்பரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருகியதைத் திருப்பூர் மறந்துவிடவில்லை. எனினும் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்திற்குரிய பேரிடராக அறிவித்துள்ளது. பகலில் அயர்ன் டேபிளின் நீராவி, இரவில் தகரக் கூரையின் வெக்கை என வாழ்வோருக்கு இந்த அறிவிப்பு ஒரு பிடிமானம். இதை மேற்கோள் காட்டும் விண்ணப்பங்கள் இன்னும் அரிதாகவே உள்ளன.

கேட்கும் பொருளிலும் தெளிவு தேவை. அரிசியும் போர்வையும் நிவாரணம்; கூரை மாற்றமும் வடிகாலும் முன்னெச்சரிக்கைக் குழுவும் தாங்குதிறன். 15ஆம் நிதிக்குழுவும் பேரிடர் நிதியை மீட்பு, நிவாரணம் சார்ந்த பணிகளுக்கு 80 விழுக்காடு, தணிப்புக்கு 20 விழுக்காடு எனப் பிரித்தே வைத்தது.

பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில் திருப்பூருக்கே உரிய ஒரு பொறி உள்ளது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிடம் அதன் தொழிலாளர் குடியிருப்பைச் சீரமைக்க நிதி கேட்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவைச் சமூகப் பொறுப்புச் செலவாக அந்நிறுவனம் காட்ட இயலாது. தெரு முழுவதையும் திட்டப் பகுதியாக வரையறுக்க வேண்டும். விண்ணப்பிக்கும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர்-1 படிவ எண்ணும், மூன்றாண்டுச் செயல்பாட்டு வரலாறும் கேட்கப்படும். தலித்துகள் நடத்தும் சிறு அமைப்புகள் இங்குதான் வெளியேற்றப்படுகின்றன.

அப்போது பெரிய நிறுவனம் ஒன்று 'கூட்டாளி'யாக வரும். வெளிநாட்டு நிதி என்றால் எச்சரிக்கை தேவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பெற்ற வெளிநாட்டுப் பங்களிப்பை வேறெந்த அமைப்புக்கும் மாற்றித் தர இயலாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. உள்ளூர் அமைப்புக்குத் தொகை பகிரப்படும் என்ற வரி விண்ணப்பத்தில் இருந்தால் அதுவே சட்டமீறலுக்கான ஒப்புதல் ஆகிவிடும். அவ்வரி இல்லாமல் நம் பெயரும் நம் மக்களின் ஒளிப்படங்களும் மட்டும் இருந்தால், அந்தத் திட்டத்தில் நாம் யார் என்பதைக் கையொப்பமிடும் முன் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, காலம். வார்டின் வடிகால் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால் பதிலுக்கு 30 நாள் ஆகும். மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். நல்கை அழைப்புகளின் கெடு பல வேளைகளில் அவ்வளவுகூட இருப்பதில்லை. அழைப்பு வரும்வரை காத்திராமல் மனுவை இப்போதே அனுப்பலாம்.