26ஆம் பிரிவுக்கு ஓர் உரை

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத் தலைநகர் ஹோபார்ட். அங்கே டெர்வென்ட் ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து கட்டிய தனியார் அருங்காட்சியகம் 'மோனா'. கணிதத்தைத் துணைகொண்டு சூதாடிப் பெரும்பணம் ஈட்டிய டேவிட் வால்ஷ் அதை 2011இல் திறந்தார். அவருடைய மனைவியும் கலைஞருமான கிர்ஷா கேஷெல் 2020இல் அதற்குள் 'லேடீஸ் லவுஞ்ச்' என்ற கூடத்தை ஒரு கலைப்படைப்பாக அமைத்தார். பச்சைப் பட்டுத் திரைக்குப் பின்னே பெண்கள் அமர்ந்து ஷாம்பெயின் அருந்தினார்கள், பரிமாறியது ஆண்கள். பரிமாற வந்தவர்களைத் தவிர வேறு ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

2023 ஏப்ரலில் 35 டாலர் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிய ஆண் ஒருவரைக் கூடத்தின் வாசலிலேயே நிறுத்தினார்கள். அவர் புகார் கொடுத்தார். வழக்கு முழுவதும் மாநிலத்தின் 1998ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைச் சுற்றியே நடந்தது. மோனாவில் படைப்புகளுக்கு அருகே சுவரில் விளக்க அட்டை மாட்டும் வழக்கம் கிடையாது. இந்தக் கூடத்தைப் பொறுத்தவரை, அந்தப் பிரிவின் ஒற்றை வாக்கியமே விளக்க அட்டையாக அமைந்துவிட்டது.

பிரிவு தமிழில் இப்படி வரும்:

*குறித்த ஒரு பண்பின் காரணமாகப் பின்தங்கியுள்ள அல்லது சிறப்புத் தேவையுள்ள குழுவினருக்குச் சம வாய்ப்பை வளர்ப்பதற்கென அமைந்த எந்த நிகழ்ச்சியிலும் திட்டத்திலும் ஏற்பாட்டிலும், ஒருவர் இன்னொருவரிடம் பாகுபாடு காட்டலாம்.*

கொண்டுகூட்டி, முடிவிலிருந்தே பொருள் காண்போம்.

ஒருவர் இன்னொருவரிடம் பாகுபாடு காட்டலாம்: பாகுபாட்டைத் தடுக்க வந்த சட்டம் இந்த இடத்தில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கிறது. தடை பொது விதி, இது விலக்கு. விலக்கைக் கோருபவர்தான் அது தமக்குப் பொருந்தும் என்று நிறுவ வேண்டும். ஆண்களைத் தடுத்ததை மோனா தரப்பு மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் படைப்பே இல்லாமல் போயிருக்கும். வாசலில் திருப்பி அனுப்பப்படுவதுதான் ஆண்களுக்கான கலை அனுபவம் என்றார் கேஷெல். அந்தக் கணக்கில், புகார் கொடுத்தவர் படைப்பை முழுமையாகவே அனுபவித்திருக்கிறார். அவர் கேட்டதோ நேரான கேள்வி: முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சியின் ஒரு பகுதியை மறைப்பது என்ன நியாயம்?

எந்த ஏற்பாட்டிலும்: இங்கே ஏற்பாடு எது? சுவரில் மாட்டிய ஓவியங்களா, உள்ளே நடக்கும் உபசாரமா, வாசல் தடையா? 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்த மாநிலத் தீர்ப்பாயம் ஓவியங்களின் பக்கமிருந்து பார்த்தது. பெண் கலைஞர்களின் படைப்புகளுக்குக் காட்சியிடம் கிடைப்பது அரிது என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் புகழ்பெற்ற ஓவியங்களை ஆண்கள் பார்க்காமல் தடுத்தால் அந்தக் குறை எப்படித் தீரும் என்று அதற்குப் புரியவில்லை. 28 நாட்களுக்குள் ஆண்களை அனுமதிக்கச் சொன்னது.

கேஷெல் கூடத்தை மூடினார். உள்ளே இருந்த பிக்காசோ ஓவியங்களைக் கொண்டுபோய்ப் பெண்கள் கழிப்பறையில் மாட்டினார். ஜூலையில் இன்னொரு குட்டு உடைந்தது. அந்த பிக்காசோக்களை வரைந்தவரே கேஷெல்தான். அவற்றுள் ஒன்று தலைகீழாகத் தொங்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கூடத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட மிங்க் உரோம விரிப்பும் பாலியெஸ்டர்தான். அப்படியானால் வெளியே நின்ற ஆண்கள் எந்த ஓவியத்தை இழந்தார்கள்? உள்ளே இருந்தவற்றில் பல பொய். வாசலில் இருந்த தடையோ அசல். 'ஏற்பாடு' என்பதற்குத் தடையே பொருள் என்பதை எந்த வழக்கறிஞரையும்விட இந்தப் போலி ஓவியங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டன.

சம வாய்ப்பை வளர்ப்பதற்கென அமைந்த: வழக்கின் முடிச்சு இங்கேதான். 2024 செப்டம்பர் 27 அன்று டாஸ்மேனிய உச்ச நீதிமன்ற நீதிபதி ஷேன் மார்ஷல் தீர்ப்பாயத்தின் முடிவை ரத்து செய்து, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார். அனுகூலமான இடத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்பதைப் பெண்களுக்கு இந்தக் கூடம் அரிதாகக் காட்டுகிறது. அதன் வழியே வெளியுலகில் நிலவும் சமமின்மையை எடுத்துக்காட்டுகிறது. எடுத்துக்காட்டுவதும் வளர்ப்பதில் சேரும். அவர் கண்ட பொருள் இது. 'அமைந்த' என்ற சொல் நோக்கத்தைக் குறிக்கிறது. கூடத்தைவிட்டு வெளியே வரும் பெண்ணின் சம்பளம் உயர்ந்ததா என்று பிரிவு கேட்பதில்லை.

பின்தங்கியுள்ள குழுவினருக்கு: அப்படியென்றால் ஆண்கள் மட்டும் கூடும் மன்றமும் 'நாங்களும் ஒன்றை எடுத்துக்காட்டுகிறோம்' என்று கதவைச் சாத்தலாமே எனின், அது பொருந்தாது. குழு பின்தங்கியது என்று முதலில் காட்டியாக வேண்டும். ஷாம்பெயின் அருந்தும் சீமாட்டி பின்தங்கியவரா எனின், பிரிவு குழுவைத்தான் அளக்கிறது. தனியாள் கையில் உள்ள கோப்பையை அளப்பதில்லை. அந்தக் குழுவுக்கு வரலாறு இருக்கிறது. ஆஸ்திரேலிய மதுக்கடைகளின் பொது அறையில் பெண்களுக்கு இடமில்லாத காலம் இருந்தது. அவர்களை ஒதுக்கி உட்காரவைத்த பக்க அறைக்குப் பெயரே 'லேடீஸ் லவுஞ்ச்'. 1965இல் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹோட்டலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். கேஷெல் அந்தப் பழைய பெயரை எடுத்து, கதவின் பக்கத்தை மாற்றிவிட்டார்.

குறித்த ஒரு பண்பின் காரணமாக: சட்டம் பட்டியலிடும் பண்புகளுள் பால் ஒன்று. இதில் தகராறு எழவில்லை.

2024 டிசம்பரில் கூடம் சில வாரங்களுக்கு மீண்டும் திறந்தது. பிரிவின்படி கணக்கு நேராகிவிட்டது. படைப்பில் இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கும் அருங்காட்சியகம் மக்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போவது கடினம். மோனாவுக்கு உரிமையாளர் ஒருவர், பணம் அவருடையது, கலைஞர் அவர் மனைவி. பெண்கள் உள்ளே சுவைத்த அந்த அனுகூலம், ஓர் ஆண் சம்பாதித்துக் கட்டிய கட்டடத்துக்குள்தான் சாத்தியமாயிற்று. 26ஆம் பிரிவு இதைக் கேட்காது. கூடத்தைப் பார்த்து வந்தவர்கள் கேட்கலாம்.